மதிப்பெண்களைச் சமன்செய்த வரலாறு

தேர்வெழுதிய மாணவனுக்குக் கிடைப்பது ஓர் எண். அவ்வெண் அவனுடைய அறிவை மட்டும் காட்டுவதன்று. வினாத்தாளின் கடுமையையும் திருத்தியவரின் கைத்தாராளத்தையும் சேர்த்தே காட்டுகிறது. இதனை மாணவர் அனைவரும் அறிவர். ஆயினும், அதனை அளந்து பார்க்க முனைந்தவர் நெடுங்காலம் இலர். அயர்லாந்தில் பிறந்த பொருளியல் அறிஞர் எட்ஜ்வொர்த், தேர்வுகளின் புள்ளியியலைப் பற்றி 1888-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். வானநூலார் ஒரே விண்மீனைப் பன்முறை நோக்கும்போது அளவுகள் சிறிது சிறிது மாறுபடுகின்றன அல்லவா? ஒரே விடைத்தாளைப் பலர் திருத்தினாலும் அவ்வாறே நிகழும். அம்மாறுபாட்டைக் கணக்கிடலாம் என்பது அவர் கண்ட உண்மை.

அளக்கக் கூடியதைத் திருத்தவும் கூடும். ஒரு தாளில் சராசரி 40, திட்ட விலக்கம் 10 என்று கொள்வோம். மற்றொரு தாளில் சராசரி 60, திட்ட விலக்கம் 15. முதல் தாளில் 55 பெற்றவர் சராசரிக்கு மேல் ஒன்றரை விலக்கம் உயர்ந்து நிற்கிறார். இரண்டாம் தாளில் 75 பெற்றவரோ ஒரு விலக்கமே உயர்ந்து நிற்கிறார். ஆகவே, 55 பெற்றவரே முந்தியவர். கணக்கு எளிது. ஆனால், அக்கணக்கு ஒன்றை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறது: இரு கூட்டத்து மாணவரும் திறமையில் நிகரானவர் என்பதே அது. எவரை எவரோடு சேர்த்து ஒரு கூட்டமாகக் கொள்வது என்ற வினாவுக்குக் கணிதம் விடை கூறாது.

இலங்கையின் வரலாறு இதற்குக் கசப்பான சான்று. 1971-ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் சேர, நானூற்றுக்குத் தமிழ்மொழி வழி மாணவர் 250 பெற வேண்டியிருந்தது. சிங்களமொழி வழி மாணவருக்கு 229 போதுமானதாயிற்று. 1973-இல் இவ்வேறுபாடு புள்ளியியல் உடை உடுத்திக்கொண்டது. ஒவ்வொரு மொழிவழி மாணவரையும் தனிக் கூட்டமாக்கி, மதிப்பெண்களைப் பொது அளவுகோலுக்கு மாற்றினர். இதற்குத் 'தரப்படுத்தல்' என்று பெயர். அறிவியல் வினாக்கள் இரு மொழியிலும் ஒன்றே. அவ்வாறிருக்க, மாணவரை மொழியால் பிரித்தது எதற்கு? பிரித்த அளவிலேயே முடிவும் உறுதியாயிற்று. எஞ்சியது பெருக்கலும் வகுத்தலுமே. மறு ஆண்டில் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. மொழிவழித் தரப்படுத்தல் 1977-இல் கைவிடப்பட்டது. ஆனால், அதற்குள் யாழ்ப்பாணத்து இளைஞர் உள்ளத்தில் அது மூட்டிய தீ அணையக் கூடியதாக இல்லை.

2001-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் சராசரி விலக்க முறையே, பாடங்களை ஒப்பிடுவதற்கான நல்ல கருவியாக மீண்டும் வந்தது. அப்பொழுதும் ஓர் இடறல் நேர்ந்தது. 2011-ஆம் ஆண்டுத் தேர்வில் பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் வெவ்வேறு தாள் எழுதினர். இருவரையும் ஒரே கூட்டமாக்கிக் கணக்கிட்டனர். 2012-இல் உயர் நீதிமன்றம் அக்கணக்கைத் தள்ளிவிட்டது. ஒரே தாள் எழுதியவரைப் பிரித்தது முன்னைய பிழை. வேறு தாள் எழுதியவரைச் சேர்த்தது பின்னைய பிழை.

நம் மாநிலத்துக்கு வருவோம். எர்ணாவூரில் மாநிலப் பாடத்திட்டத்தில் பயிலும் ஒரு மாணவியும், அதே தெருவில் மத்தியப் பாடத்திட்டத்தில் பயிலும் அவள் தோழியும் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் ஓர் இடத்துக்குப் போட்டியிடுவதாகக் கொள்வோம். இருவரும் எழுதியது ஒரே தாளன்று. நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில் அது பொதுக் கோலாக நின்றது. சிற்றூர் மாணவரையும் தனிப்பயிற்சிக்குப் பணமற்றவரையும் அது பின்தள்ளுகிறது என்று கருதி அதனை நீக்க முயன்றபோது, சென்னை உயர்நீதிமன்றம் 2005-இலும் 2006-இலும் தடுத்தது. பின்னர் வல்லுநர் குழுவின் ஆய்வை அடுத்து இயற்றப்பட்ட சட்டம், 2007-இல் குடியரசுத் தலைவரின் இசைவு பெற்று நிலைத்தது. இருவேறு தேர்வுகளை ஒப்பிடும் வழியையும் அச்சட்டமே வகுத்தது.

அவ்வழி சராசரியைக் கொள்ளவில்லை; உச்சத்தைக் கொண்டது. ஒரு வாரியத்தின் முதல் மதிப்பெண்ணை மாநில வாரியத்தின் முதல் மதிப்பெண்ணுக்குச் சமமாக்குவர். மற்றவருடையவை அதே விகிதத்தில் உயரும். மாநில வாரியத்தில் இயற்பியலின் உச்சம் 100, பிறிதொன்றில் 90 எனில், அங்கே 60 பெற்றவருக்கு 66.66 என்பது சட்டமே தரும் எடுத்துக்காட்டு. எவரும் தம் கையாலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. அந்த வெளிப்படைத்தன்மை சிறிய நன்மையன்று. மருத்துவச் சேர்க்கை 2017 முதல் தேசிய நுழைவுத் தேர்வின்பாற் சென்றது. பொறியியலில் இம்முறை தொடர்ந்தது.

ஆயினும், உச்சத்தில் நிற்பவர் ஒருவரே. அந்த ஒருவர் 90-க்குப் பதில் 96 பெற்றிருந்தால், அதே 60 என்பது 62.5 ஆகும். அவரை ஒருநாளும் கண்டிராத ஒரு மாணவியின் மதிப்பெண்ணில் நான்குக்கு மேல் குறையும். இரு வாரியங்களிலும் எவரேனும் ஒருவர் நூற்றுக்கு நூறு பெற்றுவிட்டாலோ, ஒன்றின் தாள் எத்துணைக் கடினமாயினும், எம்மாற்றமும் நிகழாது. 60 அறுபதாகவே நிற்கும்.