ரெக்கார்டு பிளேயரை மாற்றப் போகிறீர்களா? முதலில் முள்ளைக் கவனியுங்கள்

சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கும் விலை குறைந்த பிளேயரில் எல்.பி. கேட்கத் தொடங்கியவர்களுக்குக் கொஞ்ச நாளில் ஒரு கேள்வி வரும்: "இதைவிட நல்லதா ஒண்ணு வாங்கலாமா?" இது ஒலித் தரம் பற்றிய கேள்வி மட்டும் இல்லை. பிளேயர் கெட்டால் வேறு வாங்கலாம். அப்பா காலத்து இசைத்தட்டு தேய்ந்துபோனால், அதே தட்டு மறுபடி கிடைப்பது கஷ்டம்.

தட்டு ஏன் தேய்கிறது?

முள், தட்டின் பள்ளத்தை அழுத்தியபடியே ஓடுகிறது. சூட்கேஸ் வகை பிளேயர்களில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் இருக்கும். அதில் அழுத்தம் 5 கிராம் வரைகூடப் போகலாம். அடுத்த நிலை பிளேயர்களில் உள்ள மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜுக்குச் சுமார் 2 கிராம் போதும். முள்ளின் நுனி மிகச் சிறியது என்பதால், இந்த வித்தியாசம் பள்ளத்துக்குப் பெரிய விஷயம்.

அதற்காக அழுத்தத்தை ரொம்பக் குறைத்தாலும் தப்பு. முள் பள்ளத்துக்குள் துள்ளும், தட்டு சேதமாகும். கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன அளவே சரி.

முதலில் எதை மாற்றுவது?

முள்ளை. சாதாரண வைர முள்ளின் ஆயுள் சில நூறு மணி நேரம்தான். தினமும் ஒரு மணி நேரம் கேட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் மாற்ற வேண்டி வரும். பாட்டில் 'ஸ' ஒலி இரைச்சலாகக் கேட்டால், பிளேயரைக் குறை சொல்லும் முன் முள்ளைப் பாருங்கள்.

பிளேயரையே எப்போது மாற்றணும்?

உங்கள் பிளேயரில் எதையும் சரிசெய்ய வழியில்லை என்றால். உதாரணத்துக்கு, ஆடியோ டெக்னிகா எல்.பி.60எக்ஸ் மாடலில் முள்ளை மாற்றலாம். அழுத்தத்தை மாற்ற முடியாது. அதே நிறுவனத்தின் எல்.பி.120எக்ஸ் மாடலில் இரண்டும் முடியும், கார்ட்ரிட்ஜையும் மாற்றலாம். வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

• டோன் ஆர்மின் பின்னால் நகர்த்தக்கூடிய எடை இருக்கிறதா?

• கார்ட்ரிட்ஜைக் கழற்றி மாட்ட முடியுமா?

• வேகம் சீராக இருக்கிறதா? எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்ற வேண்டும். வேகம் 6% கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். அதைவிடச் சின்ன தள்ளாட்டம்கூட வீணையின் நீண்ட கார்வையில் நன்றாகவே தெரியும்.

• ஃபோனோ பிரீ-ஆம்ப் உள்ளேயே இருக்கிறதா? கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட் சிக்னல்தான். தட்டில் பதியும்போது குறைக்கப்பட்ட பாஸ் ஒலியையும் மீட்டுத் தருவது இந்த பிரீ-ஆம்ப். உங்கள் ஆம்ப்ளிஃபயரில் 'ஃபோனோ' இணைப்பு இருந்தால் தனியாக வேண்டாம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒலி சிதறும்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்தால்?

ஜாக்கிரதை. அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. நேரடி ஏ.சி. மோட்டார் உள்ள பழைய பிளேயர்கள் இங்கே 33⅓-க்குப் பதில் சுமார் 28 முறைதான் சுற்றும். சுருதி ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை இறங்கிவிடும். டி.சி. அடாப்டரில் ஓடும் மாடல்களில் இந்தப் பிரச்சினை இல்லை; அடாப்டர் மட்டும் 230 வோல்ட் ஏற்குமா என்று பார்த்துக்கோங்க.

தாத்தாவின் 78 ஆர்.பி.எம். தட்டுகள்?

அவற்றின் பள்ளம் எல்.பி.யைவிட அகலமானது. 78 வேகமும், அதற்கான பெரிய முள்ளும் தேவை. எல்.பி. முள்ளை அதில் வைக்காதீர்கள்.

சுருக்கமாக: பட்ஜெட் குறைவு என்றால் இந்த மாதம் புது முள், அடுத்து நல்ல ஸ்பீக்கர். அழுத்தத்தை மாற்ற முடியாத சூட்கேஸ் பிளேயர்தான் உங்களிடம் இருக்கிறது, தட்டுகளோ அரியவை என்றால், பிளேயரை மாற்றுவதே முதல் செலவு. அதுவரை அந்தத் தட்டுகள் உறையிலேயே இருக்கட்டும்.