அரசூரில் பிறந்த ஊசி

1987-இல் விழுப்புரம் பக்கத்து அரசூரில் செம்மறிகள் செத்து விழுந்தன. காய்ச்சல், கண்ணில் பீளை, மூக்கொழுகல், வாய்ப்புண், கடைசியில் கழிச்சல். அறிகுறிகள் எல்லாம் மாட்டு வெக்கை நோயைப் போலவே இருந்தன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சைலாவும் அவரோடு ஆராய்ந்தவர்களும், இது வெக்கை வைரஸின் பங்காளி, ஆனால் வேறு வைரஸ் என்று 1989-இல் எழுதினார்கள். ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் 1942-இலேயே கண்ட நோய்தான். நம் பக்கம் அதற்கு ஆட்டுக்கொல்லி என்று பெயர்.

முதலில் மாட்டு வெக்கைத் தடுப்பூசியையே ஆட்டுக்கும் போட்டார்கள். உறவுமுறையால் அது வேலையும் செய்தது. சிக்கல் வேறு பக்கமிருந்து வந்தது. 1995-இல் வட ஆர்க்காட்டில் பதிவானதுதான் இந்தியாவின் கடைசி வெக்கை. நோய் ஒழிந்தது என்று உலகுக்குக் காட்ட வேண்டுமானால் கால்நடையின் ரத்தத்தில் அதன் எதிர்ப்பொருள் இருக்கக் கூடாது. ஊசி போட்டாலும் எதிர்ப்பொருள் வருமே! ஆகவே அந்த ஊசியை நிறுத்தியாக வேண்டும். ஆட்டுக்குச் சொந்த ஊசி வேண்டும்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் அரசூர் வைரஸையே எடுத்துக்கொண்டது. குரங்குச் சிறுநீரக உயிரணுக்களில் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் வீரியத்தைத் தணித்தார்கள். அதுதான் ‘அரசூர் 87’. பின்னால் ‘கோயம்புத்தூர் 97’-உம் வந்தது. நாட்டில் அதிகம் புழங்குவது வடக்கே உருவான ‘சுங்ரி 96’ என்றாலும், கொன்ற வைரஸே காவலுக்கு நின்ற கதை அரசூருடையது.

கன்னி ஆடும் கொடி ஆடும் மேயும் நம் நாசரேத் தேரிக்காட்டில் நோய் கண்டால் ஊசியை எங்கே போடுவது? செத்துக்கொண்டிருக்கும் பட்டியில் அல்ல. சுற்றுவட்டத்து நல்ல ஆடுகளுக்கு, வெளியிலிருந்து உள்நோக்கி வளையமாகப் போட்டு வர வேண்டும். வைரஸ் தொற்றிய நாலைந்து நாளில் ஆடு படுத்துவிடும். ஊசி வேலை செய்யவோ ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். நோய்ப் பட்டியில் குத்திய ஊசியோடு அடுத்த பட்டிக்குப் போனால் நாமே நோயைச் சுமந்து போகிறோம். பொடியாக வரும் மருந்தைக் கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள், ஐஸ் பெட்டியில் வைத்தபடியே, போட்டு முடிக்க வேண்டும். நம் வெயிலில் இதுதான் பெரும்பாடு.

ஒருமுறை போட்டால் மூன்று வருடம் தாங்கும் ஊசி இது. எட்டயபுரம் சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். முதல் ஆடு மூக்கொழுகும்போதே கால்நடை உதவி எண் 1962-க்குப் பேசுங்கள்; பத்தாவது ஆடு சாகும் வரை காத்திருக்காதீர்கள்.