கொச்சி யூதர்களின் தோரா கல்வி

கொச்சி யூதர்களின் தோரா கல்வி என்பது கேரளக் கரையோரம் வாழ்ந்த யூதர்கள், தம் மறைநூலான தோராவைச் சமயக் குருமார் வகுப்பு ஒன்று இன்றிப் பயின்று வந்த மரபைக் குறிக்கும். இச்சமூகத்துக்கெனப் பட்டம் பெற்ற ராபிகள் (யூதச் சமய ஆசான்கள்) இருக்கவில்லை. எபிரேயம் கற்ற வணிகர் முதலிய பொதுமக்களே வழிபாட்டை நடத்தினர். சமூகத் தலைவர் 'முதலியார்' என அழைக்கப்பட்டார்.

தோராவும் உரைகளும்

தோரா ஐந்து நூல்களைக் கொண்டது. அவை தொடக்கநூல், விடுதலைப் பயணம், லேவியர், எண்ணிக்கை, இணைச்சட்டம் என்பனவாகும். இவை 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, வாரந்தோறும் வாசிக்கப்பட்டு ஓராண்டில் நிறைவு பெறுகின்றன. தோல் சுருளில் உயிரொலிக் குறிகளோ இசைக் குறிகளோ இடம்பெறா. புள்ளியிடாத பழைய தமிழ் ஓலைச்சுவடியைப் படிப்பது போன்றே, சரியான ஒலிப்பை முன்கூட்டியே கற்றவரே இதனை வாசிக்க இயலும்.

தோராவைப் பயில்வோர் உரைகளையும் உடன் படிப்பது வழக்கம். பிரான்சில் வாழ்ந்த ராசி (1040-1105) எழுதிய உரை இவற்றுள் புகழ் பெற்றது. திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரை போல, இது தொடக்கநிலை மாணவருக்கும் அறிஞருக்கும் பொதுவான உரையாக விளங்குகிறது.

வரலாறு

ஏறத்தாழ கி.பி. 1000 இல் சேர மன்னர் பாசுகர ரவிவர்மன், யோசேப்பு ரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் அமைந்துள்ளது. 12 ஆம் நூற்றாண்டில் துதேலா ஊரைச் சேர்ந்த பெஞ்சமின், கொல்லத்து யூதர்கள் தோராவை அறிந்தவர்கள் என்று எழுதினார். அதே நூற்றாண்டில் பிறந்த மைமோனிடிசு, இந்திய யூதர்கள் எழுதப்பட்ட தோராவை அறியார் என்று குறித்தார். இருவரும் ஒரே குழுவினரையே குறிப்பிட்டனர் எனக் கொள்ள இயலாது.

1568 இல் மட்டாஞ்சேரியில் பரதேசி தொழுகைக் கூடம் கட்டப்பட்டது. 1686 இல் ஆம்சுடர்டாம் யூதர்களின் தூதுக்குழு கொச்சிக்கு வந்தது. அதன் பின்னர் அந்நகரிலிருந்து எபிரேய நூல்கள் கொச்சிக்குக் கிடைத்தன.

பெண்களின் பங்கு

கொச்சி யூதப் பெண்களும் எபிரேயம் படிக்கக் கற்றனர். தோராவின் கதைகளையும் அவற்றுக்கான விளக்கங்களையும் மலையாளப் பாடல்களாகப் பாடி, குறிப்பேடுகளில் எழுதிப் பாதுகாத்தனர். கேரளத் தொழுகைக் கூடங்களில் மேல்மாடத்தில், பெண்கள் அமரும் பகுதிக்கு அருகே இரண்டாவது வாசிப்பு மேடை உண்டு. இவ்வமைப்பு கேரளத்துக்கே உரியது.

வாசிக்கும் உரிமை

குருமார் வகுப்பு இல்லாத போதிலும், இம்மரபில் அனைவருக்கும் சம உரிமை இருக்கவில்லை. அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள், பரதேசி தொழுகைக் கூடத்தின் முன்னறையில் அமர்த்தப்பட்டனர். தோராவை வாசிக்க அவர்கள் அழைக்கப்படவில்லை. அதாவது, கற்றிருந்தும் வாசிக்க இயலாத நிலை நிலவியது.

இப்பிரிவைச் சேர்ந்தவரும் சென்னையில் சட்டம் பயின்றவருமான ஆபிரகாம் பராக் சேலம் (1882-1967) இதனை எதிர்த்தார். காந்தியின் சத்தியாகிரக வழியைப் பின்பற்றித் தொழுகைக் கூடத்திலேயே போராடினார். காலப்போக்கில் இத்தடைகள் நீங்கின. இவர் 'யூத காந்தி' என அழைக்கப்படுகிறார்.

இன்றைய நிலை

1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்தனர். பொது வழிபாட்டில் தோராவை வாசிக்க, மரபுப்படி 13 வயது நிரம்பிய பத்து ஆண்கள் கூட வேண்டும். கேரளத்தில் எஞ்சியுள்ள யூதர் மிகச் சிலரே என்பதால், வெளியூர் யூதர்கள் வந்து சேரும்போதே இவ்வெண்ணிக்கை நிறைவு பெறுகிறது. இசுரேலின் நெகேவ் பகுதியிலுள்ள நெவாத்திம் குடியிருப்பில் கொச்சி மரபுத் தொழுகைக் கூடம் ஒன்று உள்ளது.