வேலிக்கு வெளியே நின்ற ஆவாரை

சித்தூர் மாவட்டத்து வெதுருகுப்பம் பக்கம், மாந்தோப்புகளுக்கு நடுவே எஞ்சியிருக்கும் கரட்டு நிலங்களில் மழைக்காலம் முடிந்ததும் மஞ்சளாய்ப் பூத்து நிற்பது ஆவாரை. தெலுங்கு பேசும் வீட்டில் அது தங்கேடு. தமிழ் பேசும் வீட்டில் ஆவாரம்பூ. விதைத்தவர் இல்லை, நீர் ஊற்றியவர் இல்லை. ஆனாலும் இந்தச் செடியின் பட்டையை நம்பி, சென்னை மாகாணத்தில் பல தலைமுறைகளுக்கு ஒரு பெருந்தொழில் நடந்தது. அதன் சரக்கு லண்டன் ஏலக்கூடங்கள் வரை போனது.

1911-இல் சித்தூர் தனி மாவட்டம் ஆகும்வரை, இந்தப் பகுதியின் பெரும்பங்கு வடஆர்க்காட்டைச் சேர்ந்ததாக இருந்தது. அந்த மாவட்டத்துக்கே தலைநகரம் சித்தூர்தான். பிரிவினைக்குப் பிறகே அந்த இடம் வேலூருக்குப் போனது. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றுப் படுகையில் வளர்ந்த தோல் ஊர்களும் அதே வடஆர்க்காட்டில்தான் இருந்தன. தோல் பதனிட ஆற்றுத் தண்ணீர் வேண்டும், சுண்ணாம்பு வேண்டும், பட்டை வேண்டும். மூன்றும் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தன. ஊர்களைச் சுற்றியிருந்த வறண்ட குன்றுச் சரிவுகளில் ஆவாரை அடர்ந்து கிடந்தது.

அந்தக் காலத்து வேலைமுறை இது: தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு மயிரையும் சதையையும் வழித்தெடுப்பார்கள். பிறகு, இடித்த ஆவாரம்பட்டையைத் தண்ணீரில் ஊறவைத்த குழிகளில் அதைப் போட்டு, நாள்தோறும் புரட்டிக்கொண்டும் சாற்றை மாற்றிக்கொண்டும் இருப்பார்கள். காய்ந்த பட்டையில் சுமார் 18 சதவீதம் துவர்ப்புப்பொருள் இருக்கிறது. அதுதான் அழுகக்கூடிய தோலை அழுகாத தோலாக மாற்றுகிறது. ஆவாரையில் பதமான தோல் மென்மையாகவும் வெளிர்நிறமாகவும் வரும். ஒரே குறை, வெயில் பட்டால் சிவந்துவிடும். அதற்கு மருந்தாகக் கடுக்காய்ச் சாற்றில் ஒருமுறை முக்கியெடுத்து, எண்ணெய் தடவி உலர்த்தினார்கள். ஆவாரை, அதன்மேல் கடுக்காய் என்ற இந்த அடுக்கு முறையே சென்னைத் தோலுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. சென்னைப் பெரியமேட்டு மண்டிகள் வழியாகக் கப்பலேறிய அந்த அரைப்பதத் தோலை 'ஈஸ்ட் இந்தியா கிப்' என்று அழைத்து, லண்டன் ஏலத்தில் எடுத்து, அங்கேயே மெருகேற்றிக் காலணியும் பையும் செய்தார்கள்.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியைப் பற்றித்தான் எழுத்தில் மிகக் குறைவாக இருக்கிறது. கிளைகளை வெட்டிப் பட்டையை உரித்து, காயவைத்துக் கட்டாகக் கட்டித் தூக்கி வந்தவர்கள் கிராமத்து ஏழைகள். தோல் வணிகர்கள் பெருவணிகர்கள் ஆனார்கள். அவர்கள் கட்டிய பள்ளிகளும் கல்லூரிகளும் இன்றும் அந்த ஊர்களில் நிற்கின்றன. பட்டைக்காரர்களுக்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை. 1882-இல் வந்த சென்னை வனச்சட்டம் காட்டுப் பொருள்களை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த பின், காப்புக்காட்டில் பட்டை உரிப்பதும் குத்தகைக்கும் அனுமதிக்கும் உட்பட்ட வேலையாயிற்று. செடிக்கு மட்டும் பெரிய சேதம் இல்லை: அடியோடு வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும் இயல்பு ஆவாரைக்கு உண்டு. அதனால்தான் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது என்று சொல்லலாம்.

மாற்றம் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. 1903-ஆம் ஆண்டுவாக்கில் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைப்பள்ளியில் குரோம் உப்பால் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். பட்டையில் வாரக்கணக்கில் நடக்கும் வேலையை அந்த உப்பு வெகு விரைவில் முடித்தது. அடுத்த பத்தாண்டில் பல்லாவரம் அருகே எழுந்த குரோம் லெதர் கம்பெனியின் நினைவாகத்தான் குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே இருக்கிறது. மறுபக்கம், முதல் உலகப் போரில் படைவீரர்களின் பூட்ஸ் மேல்தோலுக்காகப் பிரிட்டிஷ் அரசு சென்னைத் தோலை மொத்தமாக வாங்கத் தொடங்கியது. அவ்வளவு தோலுக்கும் ஆவாரம்பட்டை போதாது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து வாட்டில் பட்டை கப்பலில் வந்து இறங்கியது. ஆவாரையைப் போல ஏறக்குறைய இருமடங்கு துவர்ப்பு அதில் இருந்ததால், பதனிடுவோர் ஒவ்வொருவராக அதற்கு மாறினார்கள்.

பிறகு நடந்ததை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இறக்குமதியைக் குறைப்பதற்காக, ஆஸ்திரேலியப் பூர்வீகம் கொண்ட அந்த வாட்டில் மரத்தை நீலகிரியிலும் பழனி மலையிலும் வனத்துறை பெருமளவில் நட்டது. நட்ட இடத்தோடு அது நிற்கவில்லை. சோலைக்காடுகளுக்கு இடையிலிருந்த புல்வெளிகளை விழுங்கிவிட்டது. இன்று அதை அகற்றப் பணமும் உழைப்பும் செலவாகின்றன. அதே வேலையைக் காலங்காலமாகச் செய்துவந்த உள்ளூர்ச் செடியைப் பெரிய அளவில் வளர்த்துப் பார்க்கும் முயற்சிக்கு அந்த ஊக்கத்தில் கால் பங்குகூடக் கிடைக்கவில்லை.

எந்தச் செடி எந்த மண்ணுக்கு உரியது என்ற கேள்வியில் அமெரிக்காவின் கோல்டன்ராடு ஒரு நல்ல பாடம். ஆவாரையைப் போலவே பொன்மஞ்சள் பூ, பல்லாண்டுச் செடி, வேலியோரத்தில் தானாக முளைப்பது. நெப்ராஸ்கா 1895-லேயே அதை மாநில மலராக ஏற்றது. 1920-களின் இறுதியில் உள்நாட்டு ரப்பருக்காக ஆயிரக்கணக்கான செடிகளைச் சோதித்த தாமஸ் எடிசன், கடைசியில் தேர்ந்தெடுத்ததும் அதைத்தான். ஆனாலும் வெகுகாலம் அங்குள்ளவர்கள் அதைக் களை என்றே பிடுங்கினார்கள். வேறொரு செடியின் மகரந்தத்தால் வரும் ஒவ்வாமைக்கு இதன்மேல் பழி போட்டார்கள். இப்போது வண்ணத்துப்பூச்சிக்காகவும் தேனீக்காகவும் அதை வீட்டுத் தோட்டங்களில் நடுகிறார்கள். அதன் ஓர் இனம் 1930-களில் அழகுக்காகச் சீனாவுக்குப் போய், அங்கே வயல்களையும் வெற்றிடங்களையும் ஆக்கிரமித்துவிட்டது. சித்தூர்த் தோட்டக்காரர் ஒருவருக்கு மஞ்சள் பூ வேண்டுமென்றால் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

ஆவாரை வீட்டுக்குள் வராத செடி அல்ல. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் இருக்கிறது. சங்ககாலத்தில் மடலேறும் காதலன் சூடிய பூவும் இதுவே. தமிழ்நாட்டின் பல ஊர்களில் பொங்கலுக்கு முன் வேப்பிலை, சிறுபீளையோடு ஆவாரம்பூவைச் சேர்த்துத்தான் வீட்டுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் உண்டு. இலங்கையில் அதைத் தேநீர்போல் காய்ச்சிக் குடிக்கிறார்கள். பதுக்கம்மா பண்டிகை அலங்காரத்தில் முதன்மையான தங்கேடு, 2014-இல் உருவான தெலங்கானாவின் மாநிலப் பூ. பூவுக்கு இவ்வளவு மரியாதை இருந்தும் செடியை மட்டும் யாரும் வீட்டில் வளர்க்கவில்லை. புறம்போக்கிலும் குன்றிலும் இலவசமாகக் கிடைத்தபோது அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அந்தக் கரடுகளில் பல இன்று தோத்தாபுரி மாந்தோப்புகளாகவும் வீட்டுமனைகளாகவும் ஆகிவிட்டன. இனி மதிலுக்குள்ளும் அதற்கு இடம் கொடுத்தால்தான் பண்டிகைக்குப் பூ பக்கத்தில் கிடைக்கும்.

வளர்ப்பது எளிது. தட்டையான நெற்றுகள் பழுப்பாகிக் காய்ந்ததும் பறிக்கலாம். விதையின் மேல்தோல் கடினமானது. வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊறவிட்டால் முளைப்பு நன்றாக இருக்கும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் பெயர்த்து நடுவதைவிட நேரே விதைப்பது நல்லது. முழு வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும்; உரம் தேவையில்லை. பூத்து முடிந்ததும் கிளைகளைக் கவாத்து செய்தால் புதராகத் தழைக்கும்.

பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான் விருந்து. பெரிய கருவண்டுத் தேனீக்கள் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து, மகரந்தப்பையின் நுனித் துளை வழியாக அதை உதிர்த்துக்கொள்ளும். வெள்ளை, மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் இலைகளில் முட்டையிடும். சில வாரம் பச்சைப் புழுக்கள் இலையைத் தின்று ஓட்டையாக்கும். அப்போது மருந்தடிக்காமல் விட்டுவிட வேண்டும். பட்டைக்காக வெட்டப்பட்டே பழகிய செடி, அடுத்த மழைக்குள் மீண்டும் தழைத்துவிடும்.