சமயபுரத்தில் ஒரு ராத்திரி, ஸ்ரீரங்கத்தில் இரண்டு மாசம்

சமயபுரம் என்றால் நமக்கு மாரியம்மன். 1752 ஏப்ரலில் அங்கே ஒரு ராத்திரிச் சண்டை நடந்தது. 'சட்டென்று எடுக்கும் முடிவு, யோசித்து எடுக்கும் முடிவு' என்று நாம் போடும் கோடு அதைப் படித்தால் கொஞ்சம் ஆட்டம் காணுது.

முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள். வெளியே முற்றுகை போட்டவர்கள் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுத் தளபதி ஜாக் லாவும். மேஜர் லாரன்ஸ் உதவிப்படையோடு வந்ததும் லா மிரண்டு ஸ்ரீரங்கம் தீவுக்குள் போய்விட்டார். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். பாதுகாப்புதான், ஆனா புதுச்சேரியிலிருந்து எதுவும் வரணும்னா வடகரை வழியாத்தான் வரணும். 26 வயசுக் கேப்டன் கிளைவ் அந்த வடகரையில் சமயபுரத்தில் போய் உட்கார்ந்தார்.

அந்த ராத்திரி லா அனுப்பிய படை முகாமுக்குள் நுழைந்தது. அதில் பிரெஞ்சுப் பக்கம் ஓடிப்போன ஆங்கிலேயர்களும் இருந்ததால், 'லாரன்ஸ் அனுப்பிய ஆட்கள்' என்று காவல்காரர்களை நம்பவைக்க முடிந்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்டு எழுந்த கிளைவ், தன் சிப்பாய்கள்தான் பயத்தில் கண்டபடி சுடுறாங்கன்னு நினைத்து, நேராக எதிரிச் சிப்பாய்கள் நடுவே போய்த் திட்டினார். வெட்டுக்காயம் பட்ட பிறகுதான் புரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஆறு பிரெஞ்சு வீரர்கள் சரணடையச் சொல்ல, 'உங்களைச் சுற்றி என் படை நிற்கிறது, நீங்கதான் சரணடையணும்' என்று ஒரே போடு. மூன்று பேர் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டார்கள்!

ஒரே ஆள், ஒரே ராத்திரி, இரண்டு உடனடி முடிவுகள். ஒன்று தப்பு, ஒன்று சரி. டேனியல் கானமனும் கேரி க்ளைனும் 2009ல் சேர்ந்து எழுதிய கட்டுரை இதுக்கு உதவும். உள்ளுணர்வை நம்ப இரண்டு நிபந்தனை: சூழலில் ஒழுங்கு இருக்கணும், அதைப் பழகிக் கற்க வாய்ப்பும் இருந்திருக்கணும். மிரண்ட சிப்பாய்கள் கண்டபடி சுடுவது கிளைவுக்குப் பழகிய காட்சி. அன்று காட்சிதான் வேற. குழம்பிய எதிரியை மிரட்டுவது மட்டும் அப்பவும் அப்படியே செல்லுபடியானது. (சர்வர் விழுந்த நடுராத்திரியில் 'போன தடவை மாதிரிதான்' என்று கை தானாக ரீஸ்டார்ட் பக்கம் போவதும் இதே ரகம்.)

லாவுக்கு நேரப் பஞ்சமே இல்லை. ஆனால் அவர் யோசித்த வாரங்களில் கிளைவ் வடகரையின் நிலைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார். உதவிக்கு வந்த தொத்தேயும் வாலிகண்டபுரத்தில் சரணடைந்தார். மெதுவாக யோசிப்பதில் தப்பில்லை. யோசிக்க யோசிக்க வழிகள் குறைந்துகொண்டே போகும் இடத்தில் போய் உட்கார்ந்ததுதான் தப்பு என்பது என் கணிப்பு.

ஜூனில் லா சரணடைந்தபோது சந்தா சாகிப்புக்கு மிச்சமிருந்தது ஒரே வழி, தஞ்சைத் தளபதி மானோஜி கொடுத்த வாக்கு. அதை நம்பிப் போனார். தலையை வெட்டிவிட்டார்கள்.