தங்கத் தகடும் ஒரு சீனத்துச் சாசரும்

இந்த எபிசோடை கிளென்மார்கன்ல இருந்து பதிவு பண்றேன். ஊட்டியில் இருந்து பைக்காரா போற ரோட்டில் திரும்பி உள்ளே வந்தால் தேயிலைத் தோட்டம், ஒரு சின்ன அணை, அங்கிருந்து சிங்காரா மின் நிலையத்துக்குச் செங்குத்தா இறங்குற விஞ்ச் பாதை. சுத்தி தோடர் மந்துகள். கீழே சரிவில் குறும்பர், இருளர் ஊர்கள். பின்னாடி இரைச்சல் கேட்டால் அது காத்து, மைக் மேல தப்பில்லை.

இன்னைக்குப் பேசப் போறது ஒரு வேதப் புத்தகம் எங்கிருந்து வந்ததுங்கிற சண்டையைப் பத்தி. அந்தச் சண்டைக்கு உலகத்துலேயே பெரிய உதாரணம் அமெரிக்காவின் மார்மன் புத்தகம். ஆனால் அதே மாதிரி ஒரு வழக்கு நம்ம ஊட்டிக்கும் அடையாறுக்கும் நடுவிலும் நடந்திருக்கு. முதல்ல மார்மன் கதையைச் சுருக்கமா சொல்லிடறேன்.

நியூயார்க் மாகாணத்துக் கிராமத்துப் பையன் ஜோசப் ஸ்மித். ஒரு தேவதூதன் வழிகாட்ட, குன்றில் புதைஞ்சிருந்த தங்கத் தகடுகளை 1827ல் எடுத்ததா சொன்னார். அதில் இருந்தது 'சீர்திருத்திய எகிப்திய' எழுத்தாம். தொப்பிக்குள்ள ஒரு கல்லைப் போட்டு, அதுக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கிட்டு அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருந்தவங்க எழுதினாங்க. 1830ல் புத்தகம் அச்சாச்சு. தகடு எங்கேன்னு கேட்டால், தேவதூதனே திரும்ப வாங்கிக்கிட்டார்னு பதில். பார்த்தோம்னு சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்க 11 பேர்.

எதிர்ப்பு உடனே வந்தது. சாலமன் ஸ்பால்டிங் என்பவர் எழுதி அச்சேறாமல் கிடந்த ஒரு நாவலைத் திருடிட்டார்னு 1834லேயே ஒரு புத்தகம் குற்றம் சாட்டிச்சு. அம்பது வருஷம் எல்லாரும் அதையே சொல்லிக்கிட்டிருந்தாங்க. கடைசியில் 1884ல் ஸ்பால்டிங்கின் கையெழுத்துப் பிரதி ஒன்று ஹோனலூலுவில் கிடைத்தது. படிச்சுப் பார்த்தா மார்மன் புத்தகத்தோட ஒட்டவே இல்லை. அந்த 1884ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்போ ஊட்டிக்கு வருவோம். 1883 ஜூலை. மேடம் பிளவாட்ஸ்கி மலையேறி வர்றாங்க. ரஷ்யாவில் பிறந்தவங்க. 1875ல் நியூயார்க்கில் கர்னல் ஆல்காட்டோட சேர்ந்து தியாசபிகல் சொசைட்டியை, அதாவது பிரம்மஞான சபையை, ஆரம்பிச்சவங்க. ஆமா, ஸ்மித் கிளம்பின அதே நியூயார்க் மாகாணம்தான். 1882 கடைசியில் சபையின் தலைமையிடம் அடையாறுக்கு வந்தாச்சு. ஊட்டியில் அவங்களுக்கு இடம் கொடுத்தவர் மேஜர் ஜெனரல் மார்கன். கிளென்மார்கன், ஜெனரல் மார்கன்னு உங்களுக்கு ஒரு பல்பு எரியும். பெயர் ஒற்றுமையை வெச்சு நான் கதை கட்டப் போறதில்லை. இந்த எபிசோடே அப்படிக் கட்டின கதைகளைப் பத்தினதுதான்.

பிளவாட்ஸ்கியின் அடிப்படைக் கோரிக்கை இது: இமயத்துக்கு அப்பால் மகாத்மாக்கள் இருக்காங்க, கூட் ஹூமி, மோர்யா என்று ரெண்டு பேர் என் மூலமா உலகத்தோட பேசறாங்க, அவங்க கடிதங்கள் கூரையில் இருந்து விழும், அலமாரியில் தோன்றும். சின்னெட் என்கிற பத்திரிகை ஆசிரியர் அந்தக் கடிதங்களை வெச்சு 1881ல் ஒரு புத்தகமே போட்டார். அதில் ஒரு பகுதியைப் படிச்ச ஹென்றி கிடில் என்ற அமெரிக்கர், 'இது 1880ல் நான் பேசின சொற்பொழிவாச்சே' என்று லண்டன் பத்திரிகைக்கு எழுதிட்டார். அது வெளிவந்த 1883 செப்டம்பரில் மேடம் ஊட்டியில்தான் இருந்தாங்க. மகாத்மா தரப்பு விளக்கம் பிறகு வந்தது: மனசால் அனுப்பின செய்தியைத் தாளில் இறக்கின இளம் சீடன் பாதியை விட்டுட்டானாம், மேற்கோள்ங்கிற குறிப்பு அதில் போயிடுச்சாம். நம்ம காலத்துல 'அட்மின் போட்ட போஸ்ட்டுங்க அது'ன்னு சொல்ற மாதிரி.

சாசர் கதை இதுக்கு ஒரு மாசம் முன்னாடி. மேடம் ஊட்டியில் இருக்கும்போது ஜெனரல் மார்கன் வேலையா சென்னைக்கு இறங்கினார். அடையாறில் மகாத்மாவின் படம் வெச்ச அலமாரியைப் பார்க்க ஆசைப்பட்டார். அங்கே வீட்டைப் பார்த்துக்கிட்ட எம்மா கூலம் கதவைத் திறந்தாங்க. உள்ளே சாய்ச்சு வெச்சிருந்த சீனத்துச் சாசர் விழுந்து சுக்குநூறாச்சு. துண்டுகளைத் துணியில் கட்டி உள்ளே வெச்சு, கதவைச் சாத்தி, சில நிமிஷம் கழிச்சுத் திறந்தால் சாசர் முழுசா இருக்கு. கூடவே மகாத்மாவின் சீட்டு. ஜெனரல் மனுஷன் அசந்துட்டார்.

அடுத்த வருஷம், அதே 1884. மேடம் ஐரோப்பாவில் இருக்கும்போது கூலம் தம்பதியைச் சபை வெளியேத்திச்சு. எம்மா தன்கிட்ட இருந்த கடிதங்களைத் தூக்கிக்கிட்டு மிஷனரிகளிடம் போனாங்க. செப்டம்பரில் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியின் பத்திரிகையில் அவை வெளியாச்சு. ஜெனரல் வர்றார், அவருக்கு ஏதாவது நடக்கணும் என்ற ரீதியில் ஊட்டியில் இருந்து மேடம் எழுதினதா சொல்லப்பட்ட கடிதமும் அதில் உண்டு. சாசர் ஜோடியா வாங்கினது, அலமாரிக்குப் பின்னாடி வழி இருந்தது என்பது எம்மா சொன்ன விளக்கம். கடிதங்கள் போலி என்பது மேடம் சொன்ன பதில்.

லண்டனில் இருந்து சைக்கிகல் ரிசர்ச் சொசைட்டி, ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இளைஞரை விசாரிக்க அனுப்பிச்சு. அவர் அறையை அளந்தார், கையெழுத்தை ஒப்பிட்டார், சாசர் வித்த கடை வரைக்கும் போனார். 1885 கடைசியில் வந்த அறிக்கை மேடத்தை வரலாற்றின் பெரிய மோசடிக்காரர்களில் ஒருவர்னு முடிச்சுது. நூறு வருஷம் கழிச்சு, 1986ல், வெர்னான் ஹாரிசன் என்ற கையெழுத்து நிபுணர் அதே சொசைட்டியின் பத்திரிகையில், ஹாட்ஜ்சன் நடுநிலையா விசாரிக்கவில்லை என்று எழுதினார். ரெண்டையும் வெச்சுப் பார்த்தா என் கருத்து: ஹாட்ஜ்சன் வழக்கறிஞர் மாதிரி ஒருபக்கமா எழுதினது உண்மை, அதனால் அந்தச் சாசர் அற்புதமாகிடாது.

ஜெனரல் மார்கன் கடைசி வரைக்கும் மேடம் பக்கம்தான் நின்னார். அவர்மேல் எம்மா அவதூறு வழக்கே போட்டாங்க. மேடத்தைச் சாட்சிக் கூண்டில் ஏத்தத்தான் அந்த வழக்கு என்று சபைக்காரங்க பயந்தாங்க. 1885 மார்ச் கடைசியில் மேடம் கப்பல் ஏறிட்டாங்க, வழக்கும் கைவிடப்பட்டது. அவங்க இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை.

ஆனால் அவங்களோட பெரிய வேதம் அதுக்குப் பிறகுதான் வந்தது. 1888ல் 'த சீக்ரெட் டாக்ட்ரின்'. யாரும் பார்க்காத 'ட்ஸ்யான்' என்ற பழம்நூலின் பாடல்களுக்கு உரைன்னு சொன்னாங்க. மூல மொழி செஞ்சார். எந்த மொழியியலாளரும் கேள்விப்படாத மொழி. தங்கத் தகடு, சீர்திருத்திய எகிப்தியம் எல்லாம் ஞாபகம் வருதா?

வில்லியம் எம்மெட் கோல்மன் என்பவர் 1890களில் வரிவரியா ஒப்பிட்டு, இவங்க எழுத்தில் பெரும்பகுதி அந்தக் காலத்தில் கடையில் கிடைத்த புத்தகங்களில் இருந்து எடுத்ததுன்னு பட்டியல் போட்டார். மறுபக்கம், 'கியு-தே' நூல்கள் என்று மேடம் சொன்னதைக் கற்பனைன்னு எல்லாரும் ஒதுக்கி வெச்சிருந்தாங்க. அது திபெத்தியத் தந்திர நூல் தொகுதியின் பெயரை அப்படியே காதால் கேட்டு எழுதினதுன்னு பிற்காலத்தில் டேவிட் ரீகல் காட்டினார். 1994ல் கே. பால் ஜான்சன், மகாத்மாக்கள் என்பது காஷ்மீர் மகாராஜா ரன்பீர் சிங் மாதிரி நிஜ மனிதர்களுக்குப் போட்ட முகமூடின்னு வாதாடினார். 'திருட்டு'ங்கிற ஒத்தை வார்த்தையில் முடிக்க முடியலை. ஸ்பால்டிங் நாவல் விஷயத்திலும் அதேதான் நடந்தது. திருடின மூலம் எதுன்னு தேடுறதிலேயே, இந்தப் புத்தகம் எந்த ஆசைக்குத் தீனி போட்டுச்சு என்ற கேள்வி தொலைஞ்சு போகுது.

என்ன ஆசை அது? மார்மன் புத்தகம் பதில் சொன்ன கேள்வி: அமெரிக்காவின் பூர்வகுடிகள் யார்? அது சொன்ன பதில்: இஸ்ரவேலில் இருந்து கப்பலேறி வந்தவங்களின் வாரிசு, பாவத்தால் கருத்த தோல் சாபம் வாங்கினவங்க. வெள்ளைக்காரக் குடியேறிக்கு இதைவிட வசதியான பதில் இருக்கா? பூர்வகுடிகளின் 'முதன்மை முன்னோர்' என்று முன்னுரையில் இருந்ததை 'முன்னோர்களில் சிலர்' என்ற பொருளில் திருச்சபை மாத்தினது 2006ல்தான்.

நீலகிரியிலும் இதே விளையாட்டு. 1603லேயே ஃபெனிசியோ என்ற ஜெசுயிட் பாதிரியார் மலையேறினார். மேலே காணாமல் போன கிறிஸ்தவர்கள் இருக்காங்கன்னு கேரளத்தில் பேச்சு. வந்து பார்த்தால் எருமையும் பால்வீடும். அப்புறம் வந்த வெள்ளைக்காரங்க தோடர்களின் மூக்கையும் போர்வையையும் பார்த்து ரோமானியர்னாங்க. தாடியைப் பார்த்து இஸ்ரவேலின் தொலைந்த கோத்திரம்னாங்க. 1950களில் கிரேக்க இளவரசர் பீட்டர் சுமேரியாவைக் கொண்டுவந்தார்.

மேடமும் சும்மா இருக்கலை. ஊட்டியில் பார்த்ததையும் கேட்டதையும் வெச்சு ரஷ்யப் பத்திரிகையில் ஒரு தொடர் எழுதினாங்க. நீல மலை மக்களைப் பற்றியது. அதில் தோடர் தெய்விகமான, மர்மமான இனம். முள்ளுக் குறும்பர் பார்வையாலேயே ஆளைக் கொல்ற சூனியக்காரர். படிக்க நல்லா இருக்கும், நாவல் மாதிரி. சிக்கல் என்னன்னா, குறும்பர் சூனியம் வைப்பாங்க என்ற பயத்தில் இந்த மலையில் ஆட்களைக் கொன்னிருக்காங்க. 1835ல் குறும்பர் படுகொலை நடந்ததும், 1900ல் ஒரு குறும்பர் குடும்பமே கொல்லப்பட்டதும் பதிவில் இருக்கு. அந்தப் பயத்தை விசாரிக்காமல், தத்துவம் மாதிரி அலங்கரிச்சு எழுதினதுதான் எனக்குச் சாசரைவிடப் பெரிய குற்றமா படுது. சாசரால் யாருக்கும் அடி விழலை.

தோடர்கிட்டயே போய் உட்கார்ந்து விவரமா கேட்டவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், 1901-02ல் வந்தார், 1906ல் புத்தகம். அவங்க அவரிடம் சொன்ன கதையில் இஸ்ரவேலும் இல்லை, ரோமும் இல்லை. ஓன் என்ற தெய்வம் பூமிக்குள் இருந்து எருமைகளை வரிசையா வெளியே கொண்டுவந்தார். கடைசி எருமையின் வாலைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் வெளியே வந்தான். அவன்தான் முதல் தோடன். வந்த இடம் இந்த மலையேதான்.

1930களில் மொழியியலாளர் எமினோ இங்கே வந்து அவங்க பாட்டையும் பேச்சையும் எழுதிக்கிட்டார். தோட மொழி திராவிட மொழி, தமிழோட ஒரே குடும்பம் என்பதை அவர் வேலை இலக்கணமாகவே நிறுத்திச்சு. கேட்கும்போது ஒரு சொல்கூடப் புரியாது, அவ்வளவு தூரம் விலகிப் போயிருக்கு. ஆனால் எருமைக்கு அவங்க சொல் 'இர்'. மனுஷனுக்கு 'ஓள்'. அது நம்ம 'ஆள்'.