எழில் நிரல்மொழியில் நிபந்தனைத் துணைநிரல்

எழில் என்பது தமிழ்ச் சொற்களைக் கொண்டே நிரல் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய கட்டற்ற நிரல்மொழி. இதைப் பற்றிய அவரது ஆய்வுரை 2009இல் வெளிவந்தது. பள்ளி மாணவர்களுக்கென வடிவமைக்கப்பட்ட இம்மொழியின் இயக்கி பைத்தானில் எழுதப்பட்டது. எழிலில் நிபந்தனை முதலில் வரும். ‘ஆனால்’, ‘இல்லை’, ‘முடி’ ஆகியவை அதைத் தொடரும்.

இரண்டு மதிப்புகளில் ஒன்றை எடுப்பதற்கே ஐந்து வரி தேவைப்படுவதால், சின்னத் துணைநிரல் ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளலாம்:

நிரல்பாகம் இருவழி(நிலை, முதல், மாற்று)
&nbsp;&nbsp;@(நிலை) ஆனால்
&nbsp;&nbsp;&nbsp;&nbsp;பின்கொடு முதல்
&nbsp;&nbsp;இல்லை
&nbsp;&nbsp;&nbsp;&nbsp;பின்கொடு மாற்று
&nbsp;&nbsp;முடி
முடி

இதில் ஒரு பொறி உண்டு. எடுத்துக்காட்டுக்குக் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். 1899இல் தொடங்கிய இந்த ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறது. அது அமைந்துள்ள பழனி மலையில் மேகம் மூடிவிட்டால் படம் கிடையாது. ஒரு வாரத்துக்கான சூரியப்புள்ளிச் சராசரி வேண்டுமென்று வைத்துக்கொள்வோம்:

பதிப்பி இருவழி(நாள் > 0, மொத்தம் / நாள், 0)

வாரம் முழுக்க வெயிலே இல்லையென்றால், படம் கிடைத்த நாள்களின் எண்ணிக்கையான ‘நாள்’ சுழியாகிவிடும். அதற்குத்தானே நிபந்தனை வைத்தோம் என்று தோன்றும். ஆனாலும் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். காரணம், நிரல்பாகத்துக்குள் நுழையும் முன்பே மூன்று உள்ளீடுகளும் கணக்கிடப்பட்டுவிடுகின்றன. சுழியால் வகுத்த பிறகுதான் நிபந்தனைக்கு முறை வருகிறது. தன்னையே அழைக்கும் தொடர்பெருக்கு நிரலில் இதைப் பயன்படுத்தினால், நிறுத்த வேண்டிய இடத்திலும் நிற்காமல் அழைப்பு ஓடிக்கொண்டே இருக்கும்.

இது எழிலுக்கு மட்டும் உரிய குறையல்ல. விஷுவல் பேசிக்கின் ‘ஐஐஎஃப்’ என்ற துணைநிரல் இதே சிக்கலுக்குப் பேர்போனது. சி மொழியில் கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் கொண்ட நிபந்தனைக் கோவை மொழியின் இலக்கணத்திலேயே இருப்பதால், தேவையான பக்கம் மட்டுமே கணக்கிடப்படும். பைத்தான்காரர்கள் நெடுநாள் ‘அண்ட்’, ‘ஆர்’ இரண்டையும் கோத்துச் சமாளித்தார்கள். முதல் மதிப்பு சுழியாக இருந்தால் அந்த உத்தி தவறான விடையைத் தந்துவிடும். இந்தத் தொல்லைக்குப் பின்னரே 2006இல் வந்த 2.5 பதிப்பில் அங்கு நிபந்தனைக் கோவை இடம்பெற்றது.

ஆகவே ‘இருவழி’ போன்ற துணைநிரலை எண், சொல் முதலிய ஆயத்த மதிப்புகளோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. வகுத்தல், கோப்பு வாசிப்பு, தன்னழைப்பு ஆகியவற்றுக்கு ஐந்து வரி ‘ஆனால்’ கட்டளையே பாதுகாப்பு.